மறையாக்கிய மெயில் போகவில்லையா, திறக்கவில்லையா: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

பெறுநர் மட்டும் படிக்கும்படி மறையாக்கிய, அதாவது பூட்டிய, மெயிலில் கோளாறு வந்ததும் பலர் செயலியை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுகிறார்கள். அதை மட்டும் செய்யாதீர்கள். போனில் சாவிகளை வைத்திருக்கும் ஓப்பன்கீசெயின் செயலியை நீக்கினாலோ, பிரவுசரிலிருந்து மெயில்வெலப் நீட்சியை எடுத்தாலோ, கணினியில் தண்டர்பேர்ட் மெயில் செயலியின் ப்ரொஃபைல் கோப்புறையை அழித்தாலோ உள்ளே இருக்கும், பூட்டைத் திறக்கும் தனிச் சாவியும் கூடவே போய்விடும். அந்தச் சாவிக்காகப் பூட்டப்பட்ட பழைய மெயில்கள் பிறகு ஒருபோதும் திறக்காது. எழுதிக் கேட்டு மீட்டு வாங்கவும் யாரும் இல்லை.

அதனால் எதிலும் கை வைக்கும் முன் காப்புப் பிரதி எடுங்கள். தண்டர்பேர்டில் அக்கவுண்ட் செட்டிங்ஸ், எண்ட்-டு-எண்ட் என்கிரிப்ஷன், அங்கிருந்து ஓப்பன்பிஜிபி கீ மேனேஜர். உங்கள் சாவியைத் தேர்ந்து ஃபைல் மெனுவில் 'பேக்கப் சீக்ரெட் கீ' கொடுங்கள். அது கேட்கும் கடவுச்சொல்லைத் தாளில் எழுதி, கோப்பை ஒரு பென்டிரைவில் போட்டு, இரண்டையும் வெவ்வேறு இடத்தில் வையுங்கள்.

அடுத்தது ஒரே ஒரு சோதனை. பூட்டிய மெயில் ஒன்றை உங்களுக்கே அனுப்பித் திறந்து பாருங்கள். எதிர்முனையில் இருப்பவரையும் தமக்கே ஒன்று அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். யாருக்குத் திறக்கவில்லையோ கோளாறு அவர் பக்கம். இருவருக்கும் திறந்தால், ஒருவரிடம் மற்றவருடைய பொதுச் சாவியின் (அவருக்கு அனுப்புவதைப் பூட்டும் சாவி) பழைய பிரதி இருக்கிறது, அல்லது வழியில் ஒரு சர்வர் மெயிலைக் கலைத்திருக்கிறது. மறையாக்கக் கணக்கே தவறிப்போவது மிக அரிது. பெரும்பாலும் சாவியின் பிரதிதான் சிக்கல்.

இருவரிடமும் 'பாதுகாப்பான' செயலி இருக்கிறது. ஆனாலும் பூட்டு விழவில்லை

செயலிகள் மூன்று குடும்பம். ஒரு குடும்பத்தின் பூட்டை இன்னொன்று திறக்காது.

முதலாவது ஓப்பன்பிஜிபி. தண்டர்பேர்ட், மெயில்வெலப், விண்டோஸில் ஜிபிஜி4வின் தொகுப்பும் அதனோடு வரும் கிளியோபாட்ரா என்ற சாவி மேலாளரும், ஆண்ட்ராய்டில் ஓப்பன்கீசெயினோடு சேர்ந்த கே-9, ஃபேர்இமெயில், எல்லாம் இதில் அடங்கும். புரோட்டான் மெயிலும் உள்ளுக்குள் இதுதான். இரண்டாவது எஸ்/மைம். ஆப்பிள் மெயிலும் அவுட்லுக்கும் இயல்பாகவே இதைப் பேசும். இதற்குச் சான்றிதழ் வேண்டும். அலுவலகமே எடுத்துக் கொடுக்கும் இடங்களில் வசதி. தண்டர்பேர்டுக்கு இரண்டும் தெரியும், ஆனால் ஒரு மெயிலுக்கு ஏதாவது ஒன்றைத்தான் பயன்படுத்தலாம். மூன்றாவது, தனக்கென்று வழி வைத்திருக்கும் டூட்டா. 2023 வரை டூட்டநோட்டா என்று அழைக்கப்பட்ட இந்த ஜெர்மன் சேவை தலைப்பையும் சேர்த்துப் பூட்டும். ஆனால் ஓப்பன்பிஜிபி கிடையாது, ஐமேப் வழியாக வேறு செயலியில் திறக்கவும் முடியாது.

ஆகவே எதை நிறுவுவது என்பதை உங்கள் விருப்பம் முடிவு செய்வதில்லை; அடிக்கடி எழுதப்போகும் ஆள் எதில் இருக்கிறார் என்பதுதான் முடிவு செய்கிறது. அவர் புரோட்டானில் இருந்து, உங்களுக்கு ஏற்கெனவே ஜிமெயில் இருந்தால், தண்டர்பேர்ட் போதும். புது முகவரி தேவையில்லை. அவர் ஐபோனின் மெயில் செயலியை விடமாட்டார் என்றால் எஸ்/மைம்தான். அவருக்கு எதையும் நிறுவப் பொறுமை இல்லையென்றால் புரோட்டானிலோ டூட்டாவிலோ இருந்து கடவுச்சொல் போட்டு அனுப்புங்கள். சொல்லைத் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். சொல்லையும் மெயிலிலேயே அனுப்பினால் பூட்டில் சாவியைத் தொங்கவிட்ட கதைதான்.

ஜிமெயிலின் 'கான்ஃபிடென்ஷியல் மோடு' இந்த மூன்றில் எதிலும் சேராது. முன்னனுப்பலையும் பதிவிறக்கத்தையும் அது தடுக்கும். ஆனால் உள்ளடக்கம் கூகுளின் சர்வரில், கூகுளால் படிக்கக்கூடிய நிலையில்தான் இருக்கும்.

அனுப்பும்போது 'இந்தப் பெறுநருக்குச் சாவி இல்லை' என்கிறது, ஆனால் சாவி இருக்கிறது

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான். தண்டர்பேர்டில் செய்தி எழுதும் சாளரத்தின் அடியில் 'ரிசால்வ்' பொத்தான் வரும். அழுத்தினால் கீ அசிஸ்டன்ட் திறக்கும். காரணம் கீழ்க்கண்டவற்றில் ஒன்றாக இருக்கும்.

சாவியை இறக்குமதி செய்தீர்கள், ஏற்கவில்லை. இறக்குமதி என்பது சாவியைப் பெட்டியில் போடுவது மட்டுமே. கீ மேனேஜரில் அந்தச் சாவியை இருமுறை சொடுக்கி, 'யுவர் அக்செப்டன்ஸ்' தாவலில் 'ஏற்கிறேன், சரிபார்க்கவில்லை' அல்லது 'நேரில் சரிபார்த்தேன்' என்பதைத் தேர்ந்தால்தான் தண்டர்பேர்ட் அதை எடுத்துக்கொள்ளும். சரிபார்ப்பது என்றால் சாவியின் கைரேகையை, அதாவது 40 எழுத்து எண் வரிசையை, தொலைபேசியில் முழுவதும் படித்து ஒப்பிடுவது. கடைசி 8 மட்டும் போதாது. அந்த எட்டும் ஒத்துப்போகும்படி போலிச் சாவி செய்யச் சாதாரணக் கணினியே போதும்.

முகவரி எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகவில்லை. ஜிமெயிலில் பெயருக்கு நடுவே புள்ளி வைத்தாலும் வைக்காவிட்டாலும் ஒரே பெட்டிக்குத்தான் போகும். மெயில் செயலிக்கு அது தெரியாது. சாவியில் புள்ளியோடு முகவரி இருந்து, உங்கள் முகவரிப் புத்தகத்தில் புள்ளி இல்லாமல் இருந்தால் இரண்டும் வேறு ஆள். கூட்டல் குறி போட்ட முகவரிகளுக்கும் இதேதான். புத்தகத்தில் இருப்பதைச் சாவியில் உள்ளபடி திருத்துங்கள், தீர்ந்தது.

சாவி காலாவதியாகிவிட்டது. தண்டர்பேர்ட் உருவாக்கும் சாவிக்கு இயல்பான ஆயுள் 3 ஆண்டு. உரிமையாளர் அதை நீட்டித்திருக்கலாம். அந்தச் செய்தி உங்களிடமுள்ள பிரதிக்குத் தானாக வந்து சேராது. சாவியைப் புதிதாக இணைத்து ஒரு மெயில் போடச் சொல்லுங்கள், அல்லது கீசர்வர் மெனுவில் 'டிஸ்கவர் கீஸ் ஆன்லைன்' கொடுத்துத் தேடுங்கள். நீங்கள் நீட்டித்தாலும் இதே கதை: என்கிரிப்ஷன் பக்கத்தில் காலாவதித் தேதியை மாற்றியதும் பொதுச் சாவியை எல்லோருக்கும் மறுபடி அனுப்பவேண்டும். சாவி அதேதான், கைரேகையும் மாறாது. புதுச் சாவி உருவாக்கத் தேவையே இல்லை. உருவாக்கினால் அடுத்த இரண்டு மாதம் 'திறக்கவில்லை' என்ற புகாருக்குப் பதில் எழுதிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

கீஸ் டாட் ஓப்பன்பிஜிபி டாட் ஆர்க்கில் சாவி கிடைத்தது, பெயரும் முகவரியும் இல்லை

பொதுச் சாவிகளை ஏற்றவும் தேடவும் உதவும் அந்தச் சர்வர் 2019 ஜூனில் வந்தது. அதே மாதம்தான் பழைய எஸ்கேஎஸ் சாவிச் சர்வர்களில் சிலருடைய சாவிகள்மேல் ஆயிரக்கணக்கான குப்பைக் கையொப்பங்களைக் கொட்டிச் செயலிகளையே முடக்கினார்கள். புதிய சர்வர் அதற்கு இடம் தராது: மெயில் வழியாக உறுதிசெய்த முகவரியை மட்டுமே வெளியே காட்டும். நீங்கள் சாவியை ஏற்றிவிட்டு, அது அனுப்பிய உறுதிமெயிலின் இணைப்பைச் சொடுக்காமல் விட்டிருந்தால், வெறும் சாவி மட்டும்தான் மற்றவர்களுக்குப் போகும். பெயரில்லாத சாவியை ஜிஎன்யுபிஜி (கிளியோபாட்ராவின் அடியில் இயங்கும் மறையாக்க நிரல்) புறக்கணித்துவிடும். சாவியை மறுபடி ஏற்றி, வரும் மெயிலை ஸ்பாம் பெட்டியிலும் தேடி, சொடுக்குங்கள்.

இதில் இன்னொரு பயன். தனிச் சாவி தொலைந்துபோய், ரத்துச் சான்றிதழும் (சாவி இனி செல்லாது என்று அறிவிக்கும் கோப்பு) இல்லையென்றாலும், அந்தத் தளத்தின் மேலாண்மைப் பக்கத்தில் உங்கள் மெயிலைக் கொடுத்து முகவரியைச் சாவியிலிருந்து பிரித்துவிடலாம். செத்த சாவிக்கு இனி யாரும் பூட்டி அனுப்பமாட்டார்கள்.

படிக்கும்போது 'தேவையான தனிச் சாவி இல்லை' என்கிறது

கிளியோபாட்ராவில் சாவி இருக்கிறது, தண்டர்பேர்ட் இல்லை என்கிறதா? இரண்டும் தனித்தனிப் பெட்டி. தண்டர்பேர்டில் 2020-இல் வந்த 78-ஆம் பதிப்புக்கு முன்பு வரை எனிக்மெயில் என்ற நீட்சி ஜிஎன்யுபிஜியின் பெட்டியையே பயன்படுத்தியது. 78 முதல் தண்டர்பேர்டுக்கு ஆர்என்பி என்ற சொந்த நூலகமும் சொந்தப் பெட்டியும் வந்துவிட்டன. கிளியோபாட்ராவில் தனிச் சாவியைக் கோப்பாக எடுத்து, கீ மேனேஜரின் ஃபைல் மெனுவில் 'இம்போர்ட் சீக்ரெட் கீ' கொடுங்கள். பிறகு என்கிரிப்ஷன் பக்கத்தில் அந்தக் கணக்குக்கு இந்தச் சாவிதான் என்று குறிக்கவும் வேண்டும். பாதிப் பேர் இந்த அடியைத் தவறவிடுகிறார்கள்.

சாவி யூபிகீ போன்ற வன்பொருளுக்குள் இருந்தால் கோப்பாக வெளியே எடுக்க முடியாது. அப்போது செட்டிங்ஸின் கடைசியில் உள்ள கான்ஃபிக் எடிட்டரில் ஜிஎன்யுபிஜி என்று ஆங்கிலத்தில் தேடி, 'அலவ் எக்ஸ்டர்னல்' என்று வரும் வரியை ட்ரூ ஆக்குங்கள். சாவி சேர்க்கும் இடத்தில் 'வெளிச் சாவி' என்ற தேர்வு புதிதாக வரும். தனிச் சாவியின் வேலை மட்டும்தான் வெளியே போகும். பொதுச் சாவிகள் அனைத்தும், உங்களுடையதும் சேர்த்து, தண்டர்பேர்டின் பெட்டியில் இருந்தாக வேண்டும்.

சாவி சரியான இடத்தில் இருந்தும் திறக்கவில்லையென்றால், எதிராளி உங்கள் பழைய சாவிக்குப் பூட்டியிருக்கிறார். மெயிலின் மேற்புறம் ஓப்பன்பிஜிபி பொத்தானைத் தொட்டால் எந்தச் சாவி எண்ணுக்குப் பூட்டப்பட்டது என்று காட்டும். உங்கள் சாவி எண்ணோடு ஒப்பிட்டால் சந்தேகம் தீர்ந்துவிடும். இதனால்தான் காலாவதியான தனிச் சாவியையும் நீக்கக் கூடாது: காலாவதி பூட்டுவதற்குத்தான், திறப்பதற்கு இல்லை.

நீங்களே அனுப்பியது உங்களுக்கே திறக்கவில்லை என்றால், கிளியோபாட்ராவில் பூட்டும்போது 'எனக்காகவும்' என்ற கட்டத்தில் குறி வைக்காமல் விட்டிருப்பீர்கள். தண்டர்பேர்ட் அதைத் தானே செய்துகொள்ளும்.

அரிதான ஒரு காரணமும் உண்டு. ஜிஎன்யுபிஜி 2.3-க்குப் பிறகு உருவாக்கிய சாவிகள் ஓசிபி என்ற புதிய மறையாக்க முறையை ஏற்பதாக அறிவிக்கும். அதை நம்பி அனுப்பியவரின் செயலி அந்த முறையில் பூட்டும். நீங்கள் அதே சாவியைப் போனுக்குக் கொண்டுபோனால் அங்குள்ள செயலிக்கு அந்த முறை தெரியாது. 2024 ஜூலையில் வந்த ஆர்எஃப்சி 9580 என்ற ஓப்பன்பிஜிபி தர ஆவணம் ஒரு பக்கம், ஜிஎன்யுபிஜி சார்ந்த லிப்ரேபிஜிபி என்ற மாற்றுத் தரம் இன்னொரு பக்கம் என்று தரமே பிரிந்து நிற்பதால் இது இப்போதைக்கு ஓயாது. பல செயலிகளில் புழங்கவேண்டிய சாவி என்றால் தண்டர்பேர்டில், இயல்பான ஆர்எஸ்ஏ 3072 சாவி வகையிலேயே உருவாக்குங்கள்.

மெயில் காலி, 'நோநேம்', 'என்கிரிப்டெட் டாட் ஏஎஸ்சி' என்று இரண்டு இணைப்பு மட்டும்

இது கோளாறே இல்லை. மெயில் முழுவதையும் ஒரே உறையாகப் பூட்டும் பிஜிபி/மைம் வடிவம் தெரியாத செயலியில், உதாரணமாக ஜிமெயில் வலைப்பக்கத்தில், பார்த்தால் இப்படித்தான் தெரியும். சிறிய இணைப்பில் பதிப்பு எண் ஒரு வரி. பெரிய இணைப்புதான் மெயில். தண்டர்பேர்டில் திறந்தால் சரியாக வரும். அவசரத்துக்குப் பெரிய கோப்பைச் சேமித்துக் கிளியோபாட்ராவில் திறக்கலாம்.

தண்டர்பேர்டிலும் இப்படியே தெரிந்தால் நடுவே மைக்ரோசாஃப்டின் எக்ஸ்சேஞ்ச் மெயில் சர்வர் இருக்கிறது. அது வெளி உறையின் வகையை மாற்றிவிடும். தண்டர்பேர்ட் அதைக் கண்டுபிடித்து 'ரிப்பேர் மெசேஜ்' பொத்தான் தரும், அழுத்தினால் போதும்.

அவுட்லுக்கில் பூட்டுப் பொத்தானே காணாமல் போயிருந்தால் நீங்கள் 'புதிய அவுட்லுக்'குக்கு மாறியிருப்பீர்கள். ஜிபிஜி4வின்னோடு வரும் ஜிபிஜிஓஎல் நீட்சி பழைய கிளாசிக் அவுட்லுக்கில்தான் வேலை செய்யும்.

திறக்கிறது, ஆனால் தமிழ் எழுத்துகள் சிதைந்திருக்கின்றன

ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் பதிலாக மேலே கோடு போட்ட ஆங்கில ஏ (à), ஒரு பதிவுக்குறி (®), இன்னொரு கிறுக்கல் என்று மும்மூன்றாக வருகிறதா? அனுப்பியவர் உரையை மட்டும் பூட்டி மெயிலுக்குள் வைக்கும் இன்லைன் முறையில் பூட்டியிருக்கிறார். எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட். பிஜிபி/மைமில் 'இது யூடிஎஃப்-8' என்ற குறிப்பும் உறைக்குள்ளேயே வரும். இன்லைனில் வெறும் பைட்டுகள்தான் பூட்டப்படுகின்றன. திறக்கும் செயலி அதை மேற்கத்திய எழுத்து என்று ஊகித்தால் மூன்று பைட் மூன்று எழுத்தாகிவிடும். ஆங்கிலத்தில் மட்டும் எழுதுகிறவருக்கு இந்தச் சிக்கல் கண்ணில் படவே படாது. உதவிப் பக்கங்களில் இது அரிதாகவே இருப்பதற்கு அதுதான் காரணம்.

தீர்வு அனுப்புகிறவர் பக்கம்தான். பிஜிபி/மைமுக்கு மாறச் சொல்லுங்கள். புரோட்டானில் தொடர்பின் மின்னஞ்சல் அமைப்பில் பிஜிபி ஸ்கீம் என்ற இடத்தில் இதை மாற்றலாம். ஏற்கெனவே வந்ததைப் படிக்க, பூட்டிய தொகுதியை அப்படியே நகலெடுத்துக் கிளியோபாட்ராவின் நோட்பேடில் ஒட்டித் திறந்து பாருங்கள்.

கடவுச்சொல் சரிதான், தவறு என்கிறது

கடவுச்சொல்லைத் தமிழில் வைத்தவர்களுக்கு மட்டும் இது. 'கொ' என்பதன் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் தட்டலாம், எகரக் கொம்பும் கால்குறியுமாக இரண்டாகவும் தட்டலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்; பைட்டுகள் வேறு. ஓகாரமும் அப்படியே. ஔகாரக் குறிக்குப் பதில் கொம்பையும் ளகரத்தையும் தட்டுவதும் பழக்கத்தில் உண்டு. 'ஸ்ரீ' இன்னும் மோசம்: முதல் எழுத்து ஸகரமாகவும் இருக்கலாம், கிரந்த ஶகரமாகவும் இருக்கலாம், பல எழுத்துருக்களில் ஒரே வடிவம்தான் வரும். கண் பார்ப்பது எழுத்தை, மறையாக்கம் பார்ப்பது பைட்டை. கணினி விசைப்பலகையில் வைத்த சொல் போன் விசைப்பலகையில் திறக்காமல் போவது இப்படித்தான்.

சொல்லை முதலில் தட்டிய அதே கருவியில், அதே விசைப்பலகையில் தட்டுங்கள். திறந்ததும் கிளியோபாட்ராவில் கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள். தொடர்பில்லாத ஐந்தாறு தமிழ்ச் சொற்களை ரோமன் எழுத்தில் தட்டுவது நல்லது. அகராதியைக் கண்ணை மூடித் திறந்து பொறுக்குங்கள். குறள் அடியோ பாட்டு வரியோ வேண்டாம், அவை எல்லோரிடமும் இருக்கின்றன.

தண்டர்பேர்ட் கடவுச்சொல்லே கேட்பதில்லை என்று மகிழ்கிறவர்கள் கவனிக்கவும். சாவிகளைக் காக்கும் பிரைமரி பாஸ்வேர்ட் வைக்காதவரை உங்கள் மடிக்கணினியைத் திறக்கும் யாரும் உங்கள் பூட்டிய மெயில்களைப் படிக்கலாம்.

கையொப்பம் 'உறுதியற்றது' அல்லது 'செல்லாது'

உறுதியற்றது என்றால் அனுப்பியவரின் சாவி உங்களிடம் இல்லை, அல்லது நீங்கள் இன்னும் அதை ஏற்கவில்லை, அவ்வளவுதான். செல்லாது என்றால் மெயில் வழியில் மாறியிருக்கிறது. பெரும்பாலும் அலுவலகச் சர்வர் அடியில் ஒட்டும் 'இந்த மின்னஞ்சல் ரகசியமானது' வகை அறிவிப்பு, குழு மெயில் சேர்க்கும் வால், அல்லது ஆன்டிவைரஸின் 'சோதிக்கப்பட்டது' வரி. ஓர் எழுத்து கூடினாலும் கையொப்பம் உடையும். பூட்டியும் கையொப்பமிட்டும் அனுப்பினால் கையொப்பம் உறைக்குள் இருப்பதால் ஒட்டுகிறவர்கள் அதைத் தொட முடியாது.

எதிர்காலத்தில் உருவான சாவி என்று பிழை வந்தால் கணினியின் தேதியைப் பாருங்கள். பழைய மேசைக்கணினியில் சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்திருந்தால் ஒவ்வொரு முறை அணைத்து எழுப்பும்போதும் தேதி பின்னுக்குப் போகும்.

தலைப்பில் மூன்று புள்ளி மட்டும் வருகிறது

தண்டர்பேர்ட் தலைப்பையும் பூட்டுகிறது. பெறுநரின் செயலிக்கு அது புரியவில்லை. அவருக்காக வேண்டுமானால் என்கிரிப்ஷன் பக்கத்தில் அந்தக் குறியை எடுக்கலாம். ஆனால் பிறகு தலைப்பு திறந்தே போகும் என்பதை மறக்காதீர்கள். புரோட்டானிலும் தலைப்பு முனையிலிருந்து முனைக்குப் பூட்டப்படுவதில்லை. 'சந்திப்பு' என்று வையுங்கள், ஆள் பெயர் வேண்டாம். யார் யாருக்கு எப்போது அனுப்பினார் என்பதை எந்தச் செயலியும் மறைக்காது. ரகசிய நகல் (பிசிசி) பெறுநர்களும் சாவி எண் வழியாக வெளிப்பட்டுவிடலாம். அவர்களுக்குத் தனி மெயில் போடுங்கள்.

போனில் பூட்டுக் குறியே இல்லை

ஆண்ட்ராய்டுக்கான தண்டர்பேர்ட் 2024 அக்டோபரில் வந்தது; அடிப்படை கே-9தான். கணினிப் பதிப்பைப் போல அதற்குள் சாவிப் பெட்டி இல்லை. ஓப்பன்கீசெயினைத் தனியாக நிறுவி, தனிச் சாவியை அதற்குள் இறக்குமதி செய்து, கணக்கின் அமைப்பில் எண்ட்-டு-எண்ட் என்கிரிப்ஷனை இயக்கி, சாவியைத் தேர்ந்தால் குறி வரும். சாவிக் கோப்பை யூஎஸ்பி கம்பியில் கொண்டுபோங்கள், வாட்ஸ்அப்பில் உங்களுக்கே அனுப்பிக்கொள்ளாதீர்கள்.

புரோட்டானில் கடவுச்சொல் மாற்றியதும் பழைய மெயில் எல்லாம் பூட்டிக்கொண்டது

'மறந்துவிட்டேன்' வழியாக மாற்றினால் இப்படி ஆகும். பழைய சாவி பழைய சொல்லில்தான் பூட்டப்பட்டிருக்கிறது. மீட்புச் சொற்றொடரோ மீட்புக் கோப்போ இருந்தாலோ, பழைய சொல்லே பின்னர் நினைவுக்கு வந்தாலோ திறக்கலாம். வெளியாருக்குக் கடவுச்சொல் போட்டு அனுப்பிய மெயிலை அவர் திறக்க முடியவில்லை என்றால் நாள் கணக்கைப் பாருங்கள்: வேறு காலம் குறிக்காவிட்டால் 28 நாளில் அது காலாவதி.

புரோட்டானிலிருந்து வெளி முகவரிக்குப் போகும் மெயிலில் சாம்பல் பூட்டு இருந்தால் அது முனைக்கு முனை இல்லை. அந்தத் தொடர்பின் விவரத்தில் பொதுச் சாவியை ஏற்றி 'என்கிரிப்ட் இமெயில்ஸ்' பொத்தானை இயக்கினால் பூட்டு பச்சையாகும்.

திறந்த மெயிலில் எச்சரிக்கை வருகிறது, படங்கள் வரவில்லை

வரவிடாதீர்கள். 2018 மே மாதம் வெளியான ஈஃபெயில் தாக்குதலில், இடைமறித்த பழைய பூட்டிய மெயிலைப் பட முகவரி ஒன்றுக்குள் செருகி மறுபடி அனுப்பினார்கள். பெறுநரின் செயலி அதைத் திறந்து, படத்தைத் தேடும் சாக்கில் திறந்த உரையைத் தாக்கியவரின் சர்வருக்கே கொண்டுபோய்ச் சேர்த்தது. வியூ மெனுவில் மெசேஜ் பாடி அஸ் என்பதில் 'ப்ளெயின் டெக்ஸ்ட்' தேர்ந்துவிடுங்கள். மெயில் இடையில் மாறவில்லை என்று காட்டும் முழுமைச் சரிபார்ப்பு இல்லை என்று செயலி திறக்க மறுத்தால் அதை மீற வழி தேடாதீர்கள். அனுப்பியவரைச் செயலியைப் புதுப்பித்துவிட்டு மறுபடி அனுப்பச் சொல்லுங்கள்.